காற்றும் வெளிச்சமும் வகுத்த மாட்டுங்கா

மாட்டுங்காவில் வாழும் நம்மவரிடம் இக்காலனி எப்பொழுது தோன்றிற்று என வினவினால், பெரும்பாலோர் தம் பாட்டனார் வந்திறங்கிய ஆண்டையே கூறுவர். அதற்கும் முற்பட்ட கதை ஒன்று உண்டு. அது ஒரு கொள்ளைநோயில் தொடங்குகிறது.

1896 செப்டம்பரில், துறைமுகத்தை அடுத்த மாண்ட்வியில் பிளேக் நோய் தோன்றியுள்ளதென டாக்டர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்து கூறினார். அடுத்த சில மாதங்களில் பம்பாய் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நகரை விட்டு ஓடினர். ரயில் நிலையங்களில் பிரயாணிகளை நிறுத்தி வைத்தியர்கள் சோதித்தனர். அந்நாளைய ஸ்டேஷன் சிப்பந்திகள் பட்ட பாட்டை யாரேனும் எழுதினால் அதுவே ஒரு தனி மலர் ஆகும்! நோய் எலித்தெள்ளால் பரவுவது அப்பொழுது தெரியாது. இருட்டும் நெரிசலும் அழுக்குமே காரணம் என்று எண்ணினர். காரணத்தை அறிந்ததில் பிழை இருந்தபோதிலும், அவ்வெண்ணத்தினின்றே நம் காலனி பிறந்தது.

1898இல் சட்டம் இயற்றப்பெற்று, பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் அமைந்தது. கடற்காற்று ஊரின் நடுவே புகவேண்டும் என்பது அதன் முதல் நோக்கம். பிரின்ஸஸ் தெருவும், இன்று சர்தார் வல்லபாய் பட்டேல் சாலை எனப்படும் ஸாண்ட்ஹர்ஸ்ட் சாலையும் அவ்வாறு திறக்கப்பட்டவையே. ஆனால் சாலை திறக்க வீடுகள் இடிந்தன. முதல் இருபது ஆண்டுகளில் டிரஸ்ட் இடித்த அறைகள், அது கட்டிக் கொடுத்த அறைகளினும் மிகுதி. இடம் இழந்த ஏழைகள் பக்கத்துச் சால்களில் இன்னும் நெருக்கமாக ஒண்டினர். நகரின் நன்மைக்கென்று வகுத்த திட்டத்திற்கு விலை கொடுத்தோர் அவர்களே. நம் காலனியின் பெருமையைப் பேசுங்கால் இதனை மறைப்பது நியாயமன்று.

நெரிசலுக்கு மற்றொரு மருந்தாக வடக்கே தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் வயல்களும் தாழ்நிலங்களுமாய்க் கிடந்த பரப்பை டிரஸ்ட் கையகப்படுத்தியது. வீடுகள் வந்தபின் தெருவைத் தேடுவதே நம் ஊர்களின் வழக்கம். இங்கோ தெருவும் சாக்கடையும் தோட்டமும் முதலில் வரையப்பட்டன; மனைகள் பிறகே குத்தகைக்கு விடப்பட்டன. ஐந்து தோட்டங்களும், கிங்ஸ் சர்க்கிளின் வட்டத் தோட்டமும் அவ்வரைபடத்தின் எச்சங்கள். டிரஸ்டில் எஞ்சினீயராக இருந்த மஞ்சேர்ஜி ஜோஷி, நடுத்தரப் பார்ஸிக் குடும்பங்களுக்காக 103 மனைகளைக் கேட்டுப் பெற்றார். பச்சை மாறாத அந்தப் பார்ஸி காலனியை நாம் அனைவரும் அறிவோம்.

டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே. பி. ஓர் என்பவரை நம்மவர் அறியார். அவர் விடாது வற்புறுத்திய விதி ஒன்று உண்டு; அதற்கு 63½ டிகிரி விதி என்று பெயர். கணக்கு எளிது. கட்டடத்தின் உயரத்தில் பாதியேனும் அகலமுடைய வெற்றிடம் அதன் ஜன்னலுக்கு எதிரே இருத்தல் வேண்டும். அப்பொழுதுதான் கீழ்த்தளத்து அறைக்கும் வானம் தெரியும். தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மாடிகளுமாக நம் பழைய கட்டடங்கள் விலகி விலகி நிற்பதன் இரகசியம் இத்தகைய விதிகளே. காலனி அமைத்தவரின் அழகுணர்ச்சி என்று நாம் மெச்சுவதில் பாதி, இந்தப் பிடிவாதமான கணக்கே.

1915இல் மாட்டுங்கா ரயில்வே பட்டறை எழுந்தது. 1925 பிப்ரவரி 3ஆம் நாள் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை இந்நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடிற்று. கோட்டைப் பகுதியில் வேலை, வடக்கே வீடு என்னும் வாழ்வு குமாஸ்தாவுக்கும் டைப்பிஸ்டுக்கும் கைகூடிற்று. தனிக் குளியலறையும் சமையலறையும் கொண்ட ‘பிளாட்’ வீடுகள், மடி ஆசாரம் பேணிய நம் பாட்டிமார்க்கு உவப்பாயின. குடும்பங்கள் பெருகின, பஜனை சமாஜங்கள் தோன்றின, 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பிறந்தது.

டிரஸ்ட் 1933இல் மாநகராட்சியுடன் இணைந்து மறைந்தது. அதன் கண்டிப்பும் மெல்ல மறைந்தது. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் கணக்குப் போட்டவர்கள், நீருக்குத் தொலைநோக்குடன் கணக்குப் போடவில்லை என்பதும் உண்மை. நகரின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கென அமைந்தவை. 2005 ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டிற்று. கிங்ஸ் சர்க்கிளில் நீர் தேங்குவதற்கோ அத்தனை மழை வேண்டுவதில்லை! 2022 மார்ச்சில் மாநகராட்சி வெளியிட்ட பருவநிலைச் செயல்திட்டம் வெள்ளம், வெப்பம், பசுமைப்பரப்பு ஆகியவற்றை ஆராய்ந்து 2050ஐ இலக்காகக் குறித்துள்ளது. திட்டம் நன்று. ஆனால் அது எந்தத் தெருவில் நிறைவேறும், எந்தத் தெருவில் தோற்கும் என்பது பாதி நம் கையில் இருக்கிறது.

ஏனெனில் 1940க்கு முற்பட்ட நம் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. மறுகட்டுமானத்திற்கு மிகுதியான தளப்பரப்பும், சுற்று இடைவெளியில் சலுகையும் விதிகளிலேயே உண்டு. குடியிருப்போர் இசைவின்றி வேலை நடவாது. பழைய சுவர்கள் கசிகின்றன. வயோதிகர் மாடியேற இயலாது தவிக்கின்றனர். ஆகவே புதிதாகக் கட்டலாகாது என்று நாம் கூறவில்லை. ஆனால் கூட்டங்களில் எழும் முதல் கேள்வி, எத்தனை சதுர அடி கூடுதலாகக் கிடைக்கும் என்பதே. இரண்டாம் கேள்வியாவது ஓர் துரையுடையதாக இருக்கட்டும்: ஜன்னலுக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே எத்தனை அடி? அவர் கணக்குப்படி எழுபது அடிக் கட்டடத்திற்கு முப்பத்தைந்து அடி வெளி வேண்டும். இருநூறு அடிக் கோபுரத்திற்கு நூறு அடி. வரைபடம் கைக்கு வந்ததும், கையெழுத்திடுமுன், அளவுகோலை வைத்துப் பாருங்கள்.