கரையில் ஒரு சோதனை ஓட்டம்: பாய்மரக் காலம் முதல் எஞ்சின் காலம் வரை



ஆண்டுதோறும் ஜூன் மாதத்தின் முதலிரு வாரங்களில், பஜ்ருத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலை விட்டு வெளிவருகையில், கடற்கரைப் பக்கமிருந்து எஞ்சின்களின் ஓசை நம் காதில் விழும். அது கடலில் ஓடும் படகின் ஓசையன்று. கரையேற்றி நிறுத்தப்பட்ட விசைப்படகுகளில், தடைக்காலம் முடியுமுன் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் ஓசை. வெளியூரிலிருந்து வந்திருந்த விருந்தினர் ஒருவர், "தண்ணீரில்லாத இடத்தில் படகு எஞ்சினை ஏன் ஓட்டுகிறார்கள்?" என்று நம்மிடம் வினவினார். எளிய வினாதான். ஆயினும் அதற்குரிய விடை பல நூற்றாண்டுகளின் வரலாற்றைத் தன்னுள் கொண்டிருக்கிறது.

காற்று வகுத்த பருவம்

அரபு மொழியில் 'மவ்ஸிம்' என்றால் பருவம், குறித்த காலம் என்று பொருள். கடற்பயணத்திற்கு ஏற்ற காற்றுக் காலத்தை அரபு மாலுமிகள் இச்சொல்லால் வழங்கினர். இதுவே போர்த்துகீசிய மொழி வழியாகச் சென்று ஆங்கிலத்தில் 'மான்சூன்' ஆயிற்று. இன்றைய ராஸ் அல் கைமாப் பகுதியைச் சார்ந்த ஜுல்ஃபாரில் பிறந்த அஹ்மத் இப்னு மாஜித், கி.பி. 1490ஆம் ஆண்டளவில் எழுதிய 'கிதாபுல் ஃபவாயித்' என்னும் கடற்கலை நூலில், காற்றுப் பருவங்களையும் பயணம் புறப்படுவதற்குரிய காலங்களையும் விரித்துரைத்துள்ளார்.

நம் சோழமண்டலக் கரையின் மரக்காயர்களும் இக்கணக்கை நன்கறிந்தவர்களே. நாகூரிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் மலாக்கா, கெடா, அச்சே ஆகிய துறைகளோடு அவர்கள் வாணிபம் செய்தனர். தென்மேற்குக் காற்று கிழக்கே கொண்டு சென்றது. வடகிழக்குக் காற்று திருப்பிக் கொணர்ந்தது. பயணத்திற்கு ஒவ்வாத மாதங்களில் மரக்கலங்கள் கரையில் ஓய்ந்திருந்தன, மனிதர்கள் ஓய்ந்திருக்கவில்லை. பலகை இடுக்குகளில் கலப்பத்து அடைப்பதும், எண்ணெய் பூசுவதும், பாயைத் தைப்பதும், கயிற்றை இழுத்துப் பார்ப்பதும் அப்போது நடைபெற்ற வேலைகள். கிழிந்த பாய் கண்ணுக்குத் தெரியும். நைந்த கயிறு கைக்குத் தெரியும். பெரும்பாலான குறைகளைக் கண்ணும் கையுமே அறிந்துகொண்ட காலம் அது.

எஞ்சின் வந்த வரலாறு

ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் தமது எஞ்சினை 1893ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் முதன்முதலாகச் சோதித்தார். அன்று எழுந்த அழுத்தம் தாங்காமல் அளவுக்கருவி வெடித்துச் சிதறியது. அவர் மனந்தளரவில்லை. நான்கு ஆண்டுகள் மீண்டும் மீண்டும் சோதித்து, 1897இல் ஏறத்தாழ 20 குதிரைத்திறனுடைய எஞ்சினை வெற்றியுடன் ஓட்டிக் காட்டினார். 1912இல் 'செலாண்டியா' என்னும் டென்மார்க் நாட்டுக் கப்பல் டீசல் எஞ்சினின் வலிமையால் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக்கிற்குப் பயணம் புறப்பட்டது. இன்று நம் படகுகளில் ஓடும் எஞ்சின், கரையில் நடந்த பொறுமையான சோதனைகளிலேயே பிறந்தது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

இந்தியாவில் 1952ஆம் ஆண்டு கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, மறு ஆண்டு கேரளத்தின் நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கப்பெற்றது. எஞ்சின் பொருத்திய சிறு படகுகள் அங்கே பரவின. அன்றைய சென்னை மாநிலத்திலும் 1950களில் விசைப்படகுகள் மீனவர் கைக்கு வரத் தொடங்கின. 1980களில் கட்டுமரங்களிலும் நாட்டுப்படகுகளிலும் வெளிப்பொருத்து எஞ்சின்கள் ஏறின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவில் பைபர் படகுகள் பிடித்துக்கொண்டன.

அடுத்துப் பருவமும் மாறியது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தைக் காக்கும் பொருட்டு, 2001ஆம் ஆண்டு முதல் தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 45 நாள் தடை விதிக்கப்பட்டது. 2017 முதல் அது 61 நாட்களாக, ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை நீட்டிக்கப்பட்டது. முன்னோர்க்குக் காற்று வகுத்த மவ்ஸிமை இன்று நமக்குச் சட்டம் வகுக்கிறது.

சோதனையின் முறை

மனிதனுக்கு ஓய்வு நலம் தரும். எஞ்சினுக்கோ நீண்ட ஓய்வு கேடு தரும். அறுபது நாட்களில் பேட்டரி வலுவிழக்கும். டீசலில் நீர் சேரும். ரப்பர் பாகங்கள் இறுகும். உப்பு தன் அரிப்பு வேலையை ஓசையின்றிச் செய்துகொண்டிருக்கும். இவை வெளியே தெரிவதில்லை. எஞ்சினின் குறையை அறிய அதனை ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் அதை ஓட்டுவதற்கு முறை உண்டு. லாரி எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டரும் காற்றும் உள்ளன. படகு எஞ்சினின் வெப்பத்தைக் கடல்நீரே வாங்கிக்கொள்கிறது. கரையில் கடல்நீர் இல்லை. ஆகவே பீப்பாயிலோ தொட்டியிலோ நீர் நிரப்பி, நீரிழுக்கும் குழாயை அதனோடு இணைத்த பின்னரே எஞ்சினைத் தொட வேண்டும். நீரை உறிஞ்சும் பம்பினுள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் நீரின்றிச் சுழன்றால் சிறிது நேரத்திலேயே கருகிவிடும். கியர் நடுநிலையில் இருக்க வேண்டும். நீரே மசகாக விளங்கும் ஷாப்டு தாங்கிகளை உலர்ந்த நிலையில் சுழற்றலாகாது. முதலில் ஆயிலைப் பார்க்க வேண்டும். அது பால் நிறம் கொண்டிருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். ஓடத் தொடங்கியதும் ஆயில் அழுத்தத்தையும், வெப்பத்தையும், வெளியேறும் நீரையும், புகையின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். கரும்புகை, காற்றுக் குறைவையோ டீசல் மிகுதியையோ காட்டும். நீலப்புகை, ஆயில் எரிவதைக் காட்டும். நிற்காத வெண்புகை, உள்ளே நீர் புகுந்ததையோ டீசல் சரியாக எரியாததையோ காட்டும்.

நாம் நேரில் அறிந்த ஒரு நிகழ்வு

சில ஆண்டுகளுக்கு முன், தடைக்காலத்தின் கடைசி நாளன்று மாலையில், நம் பகுதிப் படகு ஒன்றில் அவசர அவசரமாகச் சோதனை நடந்தது. "இரண்டு நிமிடந்தானே" என்று நீரிணைக்காமலே எஞ்சினை ஓட்டினர். எஞ்சின் நன்றாகவே முழங்கியது. அனைவரும் மகிழ்ந்தனர். இம்பெல்லர் கருகியதை எவரும் அறியவில்லை. மறுநாள் நடுக்கடலில் எஞ்சின் கொதித்து நின்றது. இரவு முழுதும் படகு நீரோட்டத்தின் போக்கில் கிழக்கே நகர்ந்தது. பாக் நீரிணையில் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் வரைந்த கடல் எல்லை தொலைவில் இல்லை என்பதைக் கடலோர மக்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. எல்லை தாண்டினால், எஞ்சின் பழுது என்ற காரணத்தைக் கேட்போர் யார்? விடியற்காலையில் மற்றொரு படகு கண்டு, கயிறு கட்டி இழுத்து வந்தது. அந்த இரவில் நான்கு வீடுகளில் விளக்கு அணையவில்லை. அவ்வீட்டுத் தாய்மார்களின் முகத்தை மறுநாட்காலை கண்ட நமக்கு அது இன்றும் மறக்கவில்லை.

சோதிக்காமல் விட்டது அங்கே பிழையன்று. முறையின்றிச் சோதித்ததும், அச்சோதனையை நம்பியதுமே பிழை. அவர்களிடம் குறை காண்பதும் நம் நோக்கமன்று. 61 நாட்கள் வருமானமின்றி இருந்தவருக்குக் கடைசி நாளின் அவசரம் எத்தகையது என்பதை நாம் அறிவோம்.

முறையாகச் செய்த கரைச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. புரொப்பல்லர் நீரைத் தள்ளும் சுமை அங்கே இல்லை. அந்தச் சுமையின் கீழ்தான் சில குறைகள் தலைகாட்டும். எனவே கரையில் ஓட்டிப் பார்த்ததோடு நில்லாமல், தடை நீங்கியதும், கரை கண்ணில் படும் தொலைவிலேயே சிறிது நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன் பின் ஆழ்கடலுக்குச் செல்வதே அறிவுடைமை.

படகுடைய சகோதரர்களுக்கு நாம் கூற விழைவது இதுவே. சோதனையைக் கடைசி நாளுக்கு ஒத்திவைக்காதீர்கள். பத்து நாட்களுக்கு முன்பே செய்தால், பழுதைச் சரிசெய்யவும் பாகம் வாங்கவும் நாள் இருக்கும். படகு உங்கள் உடைமை. அதில் ஏறும் தொழிலாளியின் உயிரோ உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கலப்பத்து அடைத்துப் பாய் தைத்த நம் முன்னோர் கரையிலிருந்த நாட்களை வீண் நாட்களாக எண்ணவில்லை. அடுத்த ஜூன் மாதத்தில் அவ்வோசையைக் கேட்கும்போது, எஞ்சினருகே ஒரு பீப்பாய் நீரும் இருக்கிறதா என்று நாம் அனைவரும் ஒருமுறை எட்டிப் பார்ப்போமாக.