யாரும் வெரட்டாம ஓடுறது: ஒரு சின்ன வரலாறு

இந்த வாரம் ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். மனுஷன் லட்சக்கணக்கான வருஷமா ஓடிக்கிட்டு இருக்கான். வேட்டைக்கு ஓடினான், மிருகத்துக்குப் பயந்து ஓடினான், போருக்கு ஓடினான். ஆனா விளையாட்டு வீரரே இல்லாத ஒரு சாதாரண ஆள், "எனக்கு ஓடப் பிடிச்சிருக்கு, உடம்புக்கும் நல்லது"ன்னு காலையில ரோட்டுக்கு வந்து நின்னது எப்போ?

ஒரு இயக்கமா அது ஆரம்பிச்சு அறுபது வருஷம் சொச்சம்தான் ஆகுது. உங்க தாத்தா பாட்டியைவிட வயசு கம்மியான பழக்கம் அது.

இந்த வரலாற்றை நான் லண்டன்ல இருந்தோ நியூயார்க்ல இருந்தோ சொல்லப் போறதில்லை. அங்கெல்லாம் போயிட்டு வருவோம், ஆனா நிக்கிற இடம் எங்க ஊர்ப் பக்கம்: தேனி மாவட்டம், வீரபாண்டி. தேனியில இருந்து கம்பம் போற ரோட்டுல, முல்லைப் பெரியாறு கரையில இருக்கிற பேரூராட்சி. கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழான்னா கம்பம் பள்ளத்தாக்கே இங்க வந்து நிக்கும்.

உடம்பை வருத்த மூணு காரணம்

எங்க ஊர்ல உடம்பை வருத்திக்கிறதுக்கு மூணு காரணத்தை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

முதல் காரணம், பொழப்பு. கம்பம், கூடலூர், போடி பக்கத்துல இருந்து விடியுறதுக்கு முன்னாடியே ஜீப் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போற பெண்களைப் பார்த்திருப்பீங்க. அவங்க வருத்தாத உடம்பா?

ரெண்டாவது, நேர்த்திக்கடன். சித்திரை வெயில்ல வெறுங்காலோட தீச்சட்டி ஏந்தி நடக்கிறவங்களை யாரும் "எதுக்குப்பா?"ன்னு கேக்கிறதில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவங்களையும் கேக்கிறதில்லை.

மூணாவது, செலக்‌ஷன். தென் தமிழ்நாட்டுல எந்த ஊருக்குப் போனாலும் சரி, இருட்டோட எழுந்து ரோட்டோரமா ஓடுற பசங்க போலீஸ் வேலைக்கோ ராணுவத்துக்கோ தயாராகுறவங்களாத்தான் இருப்பாங்க. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுன்னா ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிஷம் 30 விநாடி. இந்த எண்கள் எங்க பக்கத்துப் பசங்களுக்கு மனப்பாடம்.

இந்த மூணும் இல்லாம, 42 வயசுல ஒருத்தர் டி-ஷர்ட் போட்டுக்கிட்டு கால்வாய்க் கரையில மெதுவா ஓடினா? டீக்கடையில இருந்து கேள்வி வரும்: "என்னப்பா, யாரு வெரட்டுறா?"

கேலிதான். ஆனா அதுக்குள்ள ஒரு பெரிய வரலாறு இருக்கு.

ஓட்டம்னா வேலை, ஓட்டம்னா தண்டனை

14-ஆம் நூற்றாண்டுல இந்தியா வந்த பயணி இபின் பதூதா, டெல்லி சுல்தானோட தபால் முறையைப் பத்தி எழுதியிருக்காரு. ஒரு கையில கடிதம், இன்னொரு கையில செப்பு மணி கட்டின கோல். ஓடி வர்றவரோட மணிச் சத்தம் கேட்டதும் அடுத்த நிலையில இருக்கிற ஆள் தயாராயிடுவாரு. குதிரைத் தபாலைவிட இந்தக் கால் தபால் வேகம்னு அவர் சொல்றாரு.

நம்ம பக்கத்துலயும் இது இருந்துச்சு. குமுளி மலையைத் தாண்டினா பழைய திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்க இருந்த தபால் முறைக்குப் பேரே 'அஞ்சல்'. மணி கட்டின கோலோட ஓடுற அஞ்சலோட்டக்காரர் அதோட அடையாளம். அந்த அஞ்சல் துறை 1951-ல இந்தியத் தபால் துறையோட சேர்ந்துச்சு. அவங்க ஓடுனது உடம்பு இளைக்கிறதுக்காக இல்லை. சம்பளத்துக்காக ஓடினாங்க.

இன்னொரு சுவாரசியமான விஷயம். இன்னைக்கு ஜிம்ல காசு கட்டி ஏறுறோமே ட்ரெட்மில், அந்தப் பேரு சிறையில இருந்து வந்தது. 1818-ல வில்லியம் கியூபிட்னு ஒரு ஆங்கிலேயப் பொறியாளர், கைதிகள் மணிக்கணக்கா ஏறிக்கிட்டே இருக்கிற மாதிரி ஒரு படிச் சக்கரத்தை வடிவமைச்சாரு. எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு 1895-ல சிறைக்குப் போனப்போ அவரும் அதுல ஏற வேண்டியிருந்துச்சு. தண்டனைக் கருவி பேரை, மாசச் சந்தா கட்டி நாம பயன்படுத்துறோம்.

கண்டக்டருக்குத் தெரிஞ்ச ரகசியம்

அப்போ ஓடுறது நல்லதுன்னு எப்படித் தெரிஞ்சுது? இதுக்கு விடை ஒரு பஸ்ல இருக்கு.

இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம், லண்டன்ல ஜெர்ரி மாரிஸ்னு ஒரு மருத்துவர், ஏன் இவ்வளவு பேருக்கு மாரடைப்பு வருதுன்னு தேடிக்கிட்டு இருந்தாரு. லண்டன் மாடிப் பஸ்ஸுல டிரைவரும் கண்டக்டரும் வாழ்ந்தது கிட்டத்தட்ட ஒரே மாதிரி வாழ்க்கை. வேலையில ஒரு பெரிய வித்தியாசம். டிரைவர் நாள் பூரா உக்காந்தே இருப்பாரு. கண்டக்டர் நாள் பூரா மாடிப்படி ஏறி இறங்குவாரு. 1953-ல 'லான்செட்' இதழ்ல முடிவு வந்துச்சு: கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் உடனே இறந்துபோறது டிரைவர்களைவிடக் குறைவு. நடந்து கடிதம் கொடுக்கிற தபால்காரரையும் மேசையில உக்காந்திருக்கிற குமாஸ்தாவையும் ஒப்பிட்டப்பவும் அதே கதைதான்.

அந்தக் காலத்துல மாரடைப்பு வந்தா வாரக்கணக்குல படுக்கையை விட்டு எழக்கூடாதுன்னு சொல்லுவாங்க. இதயம்னா பத்திரமா மூடி வைக்க வேண்டிய கண்ணாடிப் பாத்திரம்னு நினைச்ச காலம். அந்த நினைப்பை மாத்தினதுல ஒரு பஸ் கண்டக்டரோட மாடிப்படிக்கும் பங்கு உண்டு.

ஆக்லாந்துல ஒரு ஞாயிற்றுக்கிழமை

அறிவியல் ஒரு பக்கம். சந்தோஷம் இன்னொரு பக்கத்துல இருந்து வந்துச்சு: நியூசிலாந்து.

ஆர்தர் லிடியார்ட். செருப்புத் தொழிற்சாலையில வேலை பார்த்தவர், பால் வண்டியும் ஓட்டினவர். 1960 ரோம் ஒலிம்பிக்ல அவர் பயிற்சி கொடுத்த பீட்டர் ஸ்னெல்லும் மர்ரே ஹால்பெர்க்கும் தங்கம் ஜெயிச்சாங்க. ஆனா எனக்கு அந்தத் தங்கங்களைவிட முக்கியமாப் படுறது, அதுக்கப்புறம் அவர் செஞ்சது. நடுத்தர வயசுக்காரங்களை, இதய நோய் வந்தவங்களை, ஒண்ணாச் சேர்ந்து மெதுவா ஓட வெச்சாரு. 1962-ல ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப் ஆரம்பமாச்சு. அதை ஆரம்பிச்சவர் காலின் கே, பின்னாள்ல அந்த நகரத்தோட மேயர்.

அந்த வருஷக் கடைசியில அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் அங்க போறாரு. அவருக்கு 51 வயசு. ஒலிம்பிக் வீரர்களை உருவாக்குறவர். கூட ஓட வாங்கன்னு கூப்பிட்டாங்க, போனாரு, மூச்சு வாங்கிப் பின்தங்கிட்டாரு. எழுபதைத் தாண்டின, மாரடைப்பு வந்து மீண்ட ஒரு பெரியவர்தான் அவருக்காக வேகத்தைக் குறைச்சு, கூடவே பேசிக்கிட்டு ஓடினாருன்னு சொல்லுவாங்க. பவர்மன் ஊருக்குத் திரும்பி ஆரெகன்ல சாதாரண மக்களுக்கு ஜாகிங் வகுப்பு ஆரம்பிச்சாரு. ஒரு இதய மருத்துவரோட சேர்ந்து 1967-ல அவர் வெளியிட்ட 'ஜாகிங்' புத்தகம் பத்து லட்சம் பிரதிக்கு மேல வித்துச்சு. நைக்கி கம்பெனியை ஃபில் நைட்டோட சேர்ந்து ஆரம்பிச்சவரும் இவர்தான்.

அவங்க சொன்ன விதி ரொம்ப எளிசு: ஓடும்போது பக்கத்துல ஓடுறவரோட பேச முடியணும். பேச முடியலன்னா வேகம் அதிகம். 7 நிமிஷக் கெடிகாரத்துக்கு நேர் எதிரான விதி இது.

பாதி உலகத்துக்குக் கதவு மூடியிருந்துச்சு

இந்தக் கதையில இதுவரைக்கும் எல்லாரும் ஆம்பளைங்க, கவனிச்சீங்களா? தற்செயல் இல்லை அது.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ல பெண்கள் 800 மீட்டர் ஓடினாங்க. ஓடி முடிச்சுக் களைச்சு விழுந்ததைப் பெரிசு பண்ணி, பெண் உடம்புக்கு இது ஆகாதுன்னு பத்திரிகைகள் எழுதுச்சு. அந்தப் போட்டி அடுத்து வந்தது 1960-ல. 1967 பாஸ்டன் மாரத்தான்ல அதிகாரப்பூர்வ எண்ணோட ஓடின கேத்ரின் ஸ்விட்சரை, போட்டி அதிகாரி ஒருத்தர் நடு ரோட்டுல பிடிச்சு இழுத்தாரு. பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் வந்தது 1984-லதான்.

எங்க பள்ளத்தாக்குல யாரும் ஓடி வந்து சட்டையைப் பிடிச்சு இழுக்கிறதில்லை. பார்வையே போதும். செலக்‌ஷனுக்காக ஓடுற பொண்ணை ஊர் ஏத்துக்குது. வேலை கிடைச்சாலோ, கல்யாணம் ஆனாலோ, ஓடுறதுக்குக் காரணம் இல்லாமப் போயிடுது. ரெண்டு பிள்ளைக்கு அம்மா சும்மா ஓடணும்னா அதுக்கு இன்னும் ஊர்ல ஒரு பேரு கிடைக்கல.

சென்னையில இருந்து பள்ளத்தாக்குக்கு

நம்ம நாட்டுல இந்த அலை 2000-க்கு அப்புறம் வந்துச்சு. மும்பை மாரத்தான் 2004-ல. சென்னை ரன்னர்ஸ் குழு 2006-ல. இன்னைக்குச் சென்னையில பகுதிக்கு ஒரு குழு இருக்கு. நீங்க கேட்டுக்கிட்டு இருக்கிற இந்த நேரத்துலயே ஒரு குழுவோட வாட்ஸ்அப் மெசேஜ் உங்க போன்ல வந்திருக்கலாம்.

ஆக்லாந்துக்கு ஒரு மேயர்னா சென்னைக்கும் ஒருத்தர் இருக்காரு. 2006-ல மேயரான மா. சுப்பிரமணியன். சர்க்கரை நோய் உண்டு, விபத்துல கால் மூட்டும் அடிபட்டிருந்துச்சு. அதுக்கப்புறமும் 21 கிலோமீட்டர் அரை மாரத்தான் நூறுக்கு மேல ஓடியிருக்காரு. அவர் மருத்துவத் துறை அமைச்சரா இருந்தப்போ, 2023 நவம்பர்ல 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் தொடங்குச்சு. 38 மாவட்டத்துலயும் ஆளுக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை. அதுல தேனியும் ஒண்ணு. சும்மா நடக்கிறதுக்கு அரசாங்கமே ஒரு பாதைக்குப் பேரு வெச்சது, என்னைப் பொறுத்தவரைக்கும், ஒரு வரலாற்று நிகழ்ச்சி.

தேவையும் இருக்கு. 2023-ல வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவுல 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்னு சொல்லுச்சு. அதே ஆய்வோட 2014 அறிக்கையில இன்னொரு தகவல். தமிழ்நாடு உட்பட ஆய்வு செஞ்ச பகுதிகள்ல 54 சதவீதம் பேருக்குப் போதுமான உடல் அசைவு இல்லை. பொழுதுபோக்கா விளையாட்டோ உடற்பயிற்சியோ செய்றவங்க 10 சதவீதம்கூட இல்லை.

"காட்டுல வேலை செய்றவங்களுக்கு எதுக்கு?"

இங்க ஒரு நியாயமான கேள்வி வரும். ஏலத்தோட்டத்துல நாள் பூரா குனிஞ்சு நிமிர்றவங்களுக்கு ஓட்டம் எதுக்கு? இது ஐ.டி. கம்பெனி ஆட்களோட பொழுதுபோக்குதானே?

ஆராய்ச்சியாளர்களும் இதைக் கேட்டிருக்காங்க. 2018-ல வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வுல, கடுமையான உடலுழைப்பு வேலை பார்க்கிற ஆண்களுக்கு ஆயுள் கூடல. சீக்கிரம் இறக்கிற அபாயம் கொஞ்சம் அதிகமாவே இருந்துச்சு. கண்டக்டரோட வேலையில ஏறுறதும் நிக்கிறதும் மாறி மாறி வரும். சுமை தூக்குறவருக்கு நிறுத்துற உரிமை கிடையாது. உடம்புக்கு நல்லது செய்யுற அசைவுல ஓய்வும் ஒரு பாதி. எப்போ நிறுத்தணும்னு நாமளே முடிவு பண்றதும் அதுல அடக்கம்.

அதனால அந்தத் தோட்டத் தொழிலாளிக்கிட்டப் போயி "ஓடுங்கக்கா"ன்னு சொல்றது அபத்தம். அவங்களுக்கு முதல்ல வேணும்ங்கிறது நேரமும் ஓய்வும் நல்ல கூலியும். சந்தோஷமா ஓடுறதுங்கிறது ஓய்வு கிடைச்சவங்களோட உரிமையா மட்டும் இருக்கிற வரைக்கும் இந்த வரலாறு பாதிதான் எழுதப்பட்டிருக்கு.

ரோடு யாருக்கு?

பஞ்சாப் கிராமத்துக்காரர் ஃபவுஜா சிங். மனைவியையும் மகனையும் இழந்த துக்கத்துல, 80 வயசுக்கு மேல லண்டன்ல ஓட ஆரம்பிச்சாரு. 2000-ல லண்டன் மாரத்தான் முடிச்சாரு. பாஸ்போர்ட்ல இருந்த பிறந்த தேதி 1911 ஏப்ரல் 1. அந்தக் கணக்குப்படி 100 வயசுல, 2011-ல, டொரண்டோ மாரத்தானையும் முடிச்சாரு. 2025 ஜூலைல ஜலந்தர் பக்கத்துல தன் சொந்த ஊர் ரோட்டைக் கடக்கும்போது ஒரு வண்டி இடிச்சு இறந்துபோனாரு. வயசு அவரை நிறுத்தல. ரோடு நிறுத்துச்சு.

வீரபாண்டியில ஓடணும்னு நினைக்கிறவருக்கு முன்னாடி நிக்கிறதும் இதே ரோடுதான். கொல்லம் வரைக்கும் போற தேசிய நெடுஞ்சாலை, விடியற்காலையில தேங்காய் லாரியும் பஸ்ஸும். கூச்சத்தை ஒரு வாரத்துல தாண்டிடலாம். நடைபாதையும் தெருவிளக்கும் பேரூராட்சிகிட்ட கேட்டு வாங்க வேண்டிய விஷயம். ஆக்லாந்துக்காரங்க கிளப்பா சேர்ந்ததுக்கு ஒரு காரணம், பத்துப் பேர் சேர்ந்தா யாரும் சிரிக்க மாட்டாங்க. இன்னொரு காரணத்தை நம்ம ஊர் கத்துக்கொடுக்கும்: பத்துப் பேர் சேர்ந்தா மனு குடுக்கலாம்.

கடைசியா, இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற தம்பி தங்கச்சிங்க சில பேருக்கு. நீங்க செலக்‌ஷன்ல சில விநாடியில தவறவிட்டிருக்கலாம். வயசு வரம்பு தாண்டியிருக்கலாம். அன்னையோட ஷூவைத் தூக்கிப் பரண்ல போட்டிருப்பீங்க. 2014-ல 55,000 பேரை வெச்சு வந்த அமெரிக்க ஆய்வு ஒண்ணு என்ன சொல்லுதுன்னா, ஒரு நாளைக்கு 5-லிருந்து 10 நிமிஷம் மெதுவா ஓடுறவங்களுக்குக்கூட, ஓடவே ஓடாதவங்களைவிட இதய நோயால இறக்கிற அபாயம் நல்லாவே குறைவு. அஞ்சு நிமிஷம். யாரும் கெடிகாரம் பிடிக்க மாட்டாங்க. பக்கத்துல இருக்கிறவரோட பேசிக்கிட்டே ஓடுற வேகம் போதும்.

நாலு வருஷம் விடியற்காலையில எழுந்து பழகின உடம்பு உங்களோடது. அந்தப் பழக்கம் எந்தப் பட்டியல்லயும் பேரு வர்றதுக்காகக் காத்திருக்கல. டீக்கடையில யாராச்சும் "யாரு வெரட்டுறா?"ன்னு கேட்டா, "யாரும் இல்லண்ணே, நீங்களும் வாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டே இருங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்.