பங்க் மூணு, பெட்ரோல் ஒண்ணு, நிலம் யாருது?

குமாரலிங்கபுரம் டீக்கடையில போன வாரம் ஒரு வாக்குவாதம். எந்தக் கம்பெனி பெட்ரோல் மைலேஜ் தரும்னு ரெண்டு பேர் மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாங்க. நடுவுல ஒரு மாமா என்கிட்ட வேற கேட்டார்: "மாப்ளே, ரோட்டோரம் கொஞ்சம் கரிசல் கிடக்கு. பங்க் வைக்க கம்பெனிக்குக் குத்தகைக்கு விடலாமா?" ரெண்டு கேள்விக்கும் பதில் ஒரே வரலாற்றுல இருக்கு.

அந்தக் காலத்துல பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ்னு வெளிநாட்டுக் கம்பெனிகள்தான் இங்கே எண்ணெய் வித்தன. 1974-இல் அரசு எஸ்ஸோவை எடுத்தது. அது ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆனது. 1976-இல் பர்மா ஷெல்லை எடுத்தது. அது அடுத்த ஆண்டு பாரத் பெட்ரோலியம் என்று பெயர் பெற்றது. கால்டெக்ஸ் 1978-இல் ஹிந்துஸ்தானோடு சேர்ந்தது. போர்டு மாறியது, பங்க் அதே இடத்தில் நின்றது.

பெட்ரோல் விஷயம் இப்படி. 1969-இல் ஓடத் தொடங்கிய மணலி ஆலை இன்று இந்தியன் ஆயிலின் துணை நிறுவனம். பாரத்துக்கும் ஹிந்துஸ்தானுக்கும் தமிழ்நாட்டில் சொந்த ஆலை கிடையாது. பாரத்துக்குக் கொச்சி, ஹிந்துஸ்தானுக்கு மும்பை, விசாகப்பட்டினம். அவ்வளவு தூரத்திலிருந்து எல்லாத்தையும் கொண்டு வந்தா கட்டுப்படியாகாது. அதனால, பக்கத்துல யார் ஆலை இருக்கோ அங்கே சரக்கை எடுத்துக்கிட்டு, வேற ஊர்ல திருப்பிக் கொடுத்துக் கணக்கை நேர் பண்ணிக்குவாங்க. சாதா பெட்ரோலுக்குத் தரவிதியும் எல்லாருக்கும் ஒண்ணுதான். பிரீமியம் வகையில சேர்க்கிற மருந்துதான் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும்.

ஆக, டீக்கடைச் சண்டைக்கு அர்த்தமில்லை. ஆனா மாமாவோட கேள்விக்கு அர்த்தம் இருக்கு.

சில பங்குகளில் இடம் கம்பெனி கையில் (சொந்தமாகவோ குத்தகையாகவோ), டீலர் நடத்துவார். சிலவற்றில் இடமும் டீலருடையது. சிலதைக் கம்பெனியே நடத்தும். பழைய கம்பெனிகள் குத்தகைக்கு எடுத்த இடங்களில்தான் வம்பு வந்தது. கையகப்படுத்திய சட்டத்திலேயே, அரசு விரும்பினால் பழைய நிபந்தனைகளிலேயே குத்தகையைப் புதுப்பிக்கலாம்னு எழுதியிருந்தது. சல்லிசான வாடகைக்கு விட்ட நிலத்தை மீட்க, உரிமையாளர்களின் வாரிசுகள் பல ஆண்டு கோர்ட்டுக்கு அலைந்தார்கள். புதுப்பிக்கும் உரிமையை இஷ்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, நியாயமாக நடக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2007-இல் சொன்னது.

இன்றைய குத்தகைக்கு அந்தச் சட்டம் கிடையாது, கையெழுத்துப் போடுற பத்திரம்தான். மாமாவுக்கு நான் சொன்னது இதுதான்: போர்டு என்ன கலர்னு பார்க்காதீங்க. எத்தனை வருஷம், வாடகை எப்போ கூடும், முடிஞ்சதும் பூமிக்குள்ள புதைச்ச டேங்கை யார் எடுக்கணும்னு பாருங்க. பெட்ரோல் யாருதா இருந்தா என்ன, நிலம் உங்களுது.