தொண்டர் காக்கும் இயங்குதளம்

ஊர் கூடித் தேர் இழுக்கும் காட்சியைக் கண்டு மகிழாதார் நம் நாட்டில் அரியர். வடம் பிடிக்கும் அந்த ஒரு நாளில் ஆயிரம் கைகள் தாமாகவே முன்வரும். ஆனால், தேர் இருப்புக்கு வந்து, விழாவும் முடிந்து, மக்களும் கலைந்தபின், அச்சையும் சில்லையும் ஆண்டு முழுவதும் பார்த்துக்கொள்ளும் கை எது? விழாவுக்குத் தொண்டர் கிடைப்பது எளிது. பராமரிப்புக்குக் கிடைப்பது அரிது. கூலி இல்லை, கட்டளையிட்டு வேலை வாங்கும் எசமானன் இல்லை, உடன் உழைப்போருட் பெரும்பாலார் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதுமில்லை. இந்நிலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இடையறாது நடந்துவரும் பராமரிப்பு ஒன்று உண்டு. டெபியன் என்னும் கணினி இயங்குதளத்தின் வரலாறே அது.

கணினியின் உறுப்புகளை இயக்கி, ஏனைய மென்பொருள்கள் தொழிற்படுவதற்கு இடம் அமைத்துக் கொடுப்பது இயங்குதளம். 1983ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் பயன்படுத்தவும், உள்ளமைப்பைப் படித்தறியவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தை ஆக்கப்போவதாக அறிவித்தார். அதற்குக் குனூ என்று பெயர். 1991இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் நடுப்பகுதியாகிய கருவை எழுதி வெளியிட்டார். அது லினக்ஸ் எனப்பட்டது. கருவும் கிடைத்தது, கருவிகளும் கிடைத்தன. ஆயினும், கல்லும் மரமும் ஓடும் வெவ்வேறிடங்களிற் குவிந்து கிடந்தால் அவற்றை வீடு என்று சொல்வாரில்லை. அவற்றை ஒன்றுகூட்டித் தருவோர் வேண்டியிருந்தனர்.

கூட்டித் தந்தோரும் இருந்தனர். ஆனால், அக்காலத்தில் பரவலாக வழங்கிய தொகுப்பொன்று பிழை மலிந்ததாய், கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதனாற் சலிப்புற்றோருள் ஒருவர் இயன் மேர்டொக். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் அவர் மாணவர்; வயது இருபது. 1993 ஓகஸ்ட் 16ஆம் நாள், புதிய தொகுப்பொன்றைத் தொடங்கப்போவதாக அவர் அறிவித்தார். தம் காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயராகிய இயனையும் இணைத்து அதற்கு டெபியன் என்று பெயரிட்டார். ஒருவரே எல்லாவற்றையும் செய்ய முயல்வதாற்றான் பிழை பெருகுகிறது என்பது அவர் கண்ட உண்மை. ஆதலின் வேலையைத் துண்டுகளாகப் பிரித்துப் பலருக்குப் பங்கிடுவது என்று தீர்மானித்தார். ஸ்டால்மன் நிறுவிய சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை 1994 நவம்பர் முதல் ஓராண்டு காலம் இம்முயற்சிக்குப் பொருளுதவி புரிந்தது.

அவ்வாறு பிரித்த துண்டுக்குப் பொதி என்று பெயர். ஒரு மென்பொருளை அப்படியே எடுத்துக் கணினியில் இட்டால் அது இயங்கிவிடும் என்பதற்கில்லை. அதற்கு வேறு சில மென்பொருள்கள் துணை வேண்டும். சிலவற்றோடு அது ஒத்துப்போகாது. பொதியொன்றினுள் மென்பொருளோடு அதன் பெயரும், பதிப்பெண்ணும், அதற்கு வேண்டிய துணைகளின் பட்டியலும் குறிக்கப்பட்டிருக்கும். அக்குறிப்பைப் படித்து, உரிய கோப்புகளை உரிய இடத்தில் வைத்து, வேண்டாதபோது சுவடின்றி அகற்றவல்ல டிபிகேஜி என்னும் கருவியை 1994இல் இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் ஜாக்சன் செம்மையாகத் திருத்தி எழுதினார். துணைப் பொதிகளைத் தானே தேடிக் கொணரும் ஆப்ட் என்னும் கருவி 1999இல் வெளிவந்த பதிப்பில் வந்து சேர்ந்தது.

இவற்றினும் முக்கியமானது பொதியில் எழுதப்பட்ட இன்னொரு வரி. அது பராமரிப்பாளரின் பெயர். அவர் மென்பொருளை எழுதியவராக இருக்க வேண்டியதில்லை. எழுதியவரிடமிருந்து அதனைப் பெற்று, மற்றைப் பொதிகளோடு பொருந்துமாறு அமைத்து, பயன்படுத்துவோர் கூறும் குறைகளைக் கேட்டு, இயன்றதைத் திருத்தி, திருத்தத்தை மூல ஆசிரியருக்கும் அனுப்புவது அவர் கடன். பொதுவிற் கிடக்கும் பொருளை எல்லோரும் பார்ப்பர் என்று எண்ணி எவரும் பாராதிருத்தல் உலக இயல்பு. டெபியனிலோ எல்லாருக்கும் உரிய பொருள் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி அழைக்கத்தக்க ஒரு பொறுப்பாளர் இருந்தார். 1995இன் இறுதியில் இவ்வாறு உழைத்தோர் ஏறத்தாழ 60 பேர்.

அவ்வாண்டு டிசெம்பரில் முதற் சோதனை வந்தது. முற்றுப்பெறாத படியொன்றை ஓர் இறுவட்டு நிறுவனம் தவறுதலாக 1.0 என்ற எண்ணுடன் பதித்து விற்றுவிட்டது. அப்படி சரிவர இயங்கவில்லை. டெபியன் தொண்டர்கள் அந்நிறுவனத்தோடு சேர்ந்து உண்மையைப் பகிரங்கமாக அறிவித்தனர்; குழப்பம் நேராதிருக்க 1.0 என்னும் எண்ணையே கைவிட்டனர். 1996 ஜூன் 17ஆம் நாள் 474 பொதிகளுடன் வெளிவந்த முதற் பதிப்பு 1.1 என்றே எண் பெற்றது. அப்போது தலைமை புரூஸ் பெரென்ஸ் என்பவரிடம் வந்திருந்தது. அவர் பிக்சார் திரைப்பட நிறுவனத்தில் வேலை பார்த்தவராதலின், அந்நிறுவனத்தின் 'டோய் ஸ்டோரி' படத்துப் பாத்திரங்களின் பெயர்களைப் பதிப்புகளுக்குச் சூட்டும் வழக்கம் தோன்றியது. புதுப் பொதிகள் முதலில் வந்து சேரும் நிலையற்ற கிளைக்கு சிட் என்று பெயர். படத்தில் விளையாட்டுப் பொருள்களை உடைத்துப் பார்க்கும் சிறுவன் அவனே.

தொண்டர் தொகை பெருகவே, வாய்வழி இணக்கம் போதாதாயிற்று. 1997 ஜூலையில் அவர்கள் சமூக ஒப்பந்தம் என்னும் உறுதிமொழியை ஏற்றுக்கொண்டனர். டெபியன் என்றும் சுதந்திர மென்பொருளாகவே இருக்கும், திருத்தங்கள் மூலத்தார்க்கு மீள வழங்கப்படும், குறைகள் மறைக்கப்படா, பயன்படுத்துவோர் நலமும் சுதந்திர மென்பொருளுமே முதன்மை பெறும் என்பன அதன் சாரம். எது சுதந்திர மென்பொருள் என்று துணிவதற்கு அவர்கள் வகுத்த நெறிகளே, சிறிது மாற்றம் பெற்று, 1998இல் திறந்த மூல மென்பொருளின் வரைவிலக்கணமாயின.

1998 டிசெம்பரில் யாப்பும் எழுதப்பட்டது. ஆண்டுதோறும் தலைவரை உறுப்பினரே தெரிவர். வாக்காளர் வேட்பாளரைத் தம் விருப்பு வரிசைப்படி எண்ணிட்டுக் காட்டுவர். எவரும் வேண்டாம் என்பதற்கும் அவ்வரிசையில் இடமுண்டு. அந்த யாப்பின் உயிர்நாடி இரண்டு விதிகளில் உள்ளது. எவரும் எப்பணியையும் செய்யுமாறு கட்டாயப்படுத்தப்படார் என்பது ஒன்று. ஆனால், முறைப்படி எடுத்த முடிவுக்கு எதிராக எவரும் வேலை செய்தலாகாது என்பது மற்றது. தொண்டனை ஏவ முடியாது என்ற உண்மையை ஒளிவின்றி ஒப்புக்கொண்டு, அதன்மேல் ஒழுங்கைக் கட்டி எழுப்பிய யாப்பு இது.

உறுப்பினராவதும் எளிதன்று. விண்ணப்பிப்பவர் முன்பே உறுப்பினராயுள்ள ஒருவரை நேரிற் கண்டு, கடவுச்சீட்டு முதலிய சான்றுகளைக் காட்டித் தம் கணினிக் கைச்சாத்துக்கு உறுதி பெறுவதே வழக்கம். அதன்பின் கொள்கையிலும் தொழிலிலும் சோதிக்கப்படுவர். தூரத்திலிருந்து வரும் பொதியை நம்புவதற்கு, எங்கோ ஓரிடத்தில் இருவர் நேருக்கு நேர் சந்தித்த சந்திப்பே அடிப்படையாயிற்று.

இத்துணைச் சோதனைக்குப் பின்னும் மனிதரை அறிந்துகொள்ளுதல் அரிது என்பதற்கு 2000ஆம் ஆண்டு சான்று. ஜோயல் கிளெக்கர் என்னும் இளைஞர் பல பொதிகளைப் பேணிவந்தார். அவ்வாண்டு ஜூலை 11ஆம் நாள், தமது இருபத்தோராம் வயதில் அவர் மறைந்தார். தசைநார்களை நலிவிக்கும் கொடிய நோயாற் படுக்கையிற் கிடந்தே அவர் அத்தனை வேலையையும் செய்தார் என்பதை உடன் உழைத்தோருட் பெரும்பாலார் அதன் பின்னரே அறிந்தனர். அடுத்த மாதம் வெளிவந்த 2.2ஆம் பதிப்பு அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது.

தொண்டுக்குள் ஊதியம் நுழைந்தால் நேர்வது யாது என்பதும் ஒருமுறை காணப்பட்டது. 2002இல் ஒரு பதிப்பு வெளிவந்தபின், அடுத்தது வர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சென்றன. இத்தாமதம் மீண்டும் நேராதிருக்க, 2006இல் அப்போதைய தலைவர் உட்படச் சிலர், புறம்பான ஓர் ஏற்பாட்டின் மூலம் வெளியீட்டுப் பொறுப்பாளர் இருவருக்குச் சிறிது காலம் பணம் வழங்கினர். நோக்கம் நல்லதே. ஆனால், ஒருவர்க்குக் கூலி, மற்றவர்க்கு வெறுங்கையா என்று சிலர் மனங்கசந்தனர். தம் வேலையைக் குறைத்துக்கொண்டோரும் உளர். டிசெம்பரில் வர எண்ணியிருந்த பதிப்பு 2007 ஏப்பிரலிலேயே வந்தது. தம் தொழில் நிறுவனங்களின் ஊதியத்தில் டெபியனுக்கு உழைப்போர் பலர் உளர். அதனை எவரும் வெறுத்திலர். பொதுப்பணிக்குள்ளேயே ஒரு சிலரைத் தேர்ந்து கூலி கொடுத்ததே பிணக்குக்குக் காரணமாயிற்று.

யாவற்றினும் பெரிய சோதனை 2008இல் வந்தது. கணினிகளுக்கிடையே செல்லும் செய்திகளைப் பிறர் அறியாவண்ணம் காக்கும் இரகசியத் திறப்புகளை ஆக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. 2006இல் அதன் டெபியன் பொதியைச் சீர்செய்கையில், பிழைபோலத் தோன்றிய ஒரு வரி நீக்கப்பட்டது. அவ்வரியோ திறப்புகள் ஒன்றோடொன்று ஒவ்வாதவாறு அமைவதற்கு ஆதாரமாயிருந்தது. அது நீங்கவே, எண்ணிலடங்காதிருக்க வேண்டிய திறப்புகள் ஒவ்வொரு வகையிலும் 32,768 என்ற அளவுக்குள் அடங்கின. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கக் கள்வனுக்கு அதிக நேரம் வேண்டியதில்லை. ஏறத்தாழ இருபது மாதங்கள் இதனை எவரும் கண்டிலர். கண்டுபிடித்தவர் லூசியானோ பெல்லோ என்னும் டெபியன் உறுப்பினர்.

2008 மே 13ஆம் நாள் டெபியன் தன் தவற்றைத் தானே உலகுக்கு அறிவித்தது. பழுதான திறப்புகளை இனங்காணும் கருவியும் பட்டியல்களும் வழங்கப்பட்டன. குறைகளை மறைப்பதில்லை என்ற 1997ஆம் ஆண்டு வாக்கு அன்று விலை கேட்டது. டெபியன் அவ்விலையைக் கொடுத்தது. ஆயினும், பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்பது மட்டும் காவலாகாது, அவர் தோளுக்குப் பின்னால் இன்னொரு கண்ணும் வேண்டும் என்பதும் அன்றே தெளிவாயிற்று.

கருத்து வேற்றுமையால் நேர்ந்த பிரிவும் உண்டு. கணினி விழித்தெழும்போது மற்றை வேலைகளைத் தொடக்கிவைக்கும் மென்பொருளாக எதனைக் கொள்வது என்ற வழக்கு, 2014 பெப்ரவரியில் தொழில்நுட்பக் குழுவில் வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்குகள் சமமாகவே, தவிசாளரின் தீர்மான வாக்கினாற் சிஸ்டம்-டி என்னும் மென்பொருள் ஏற்கப்பட்டது. உடன்படாத சிலர் அவ்வாண்டு நவம்பரில் டெவுவான் என்ற தனி இயங்குதளத்தை அறிவித்தனர். மூலம் எவர்க்கும் திறந்திருப்பதால், பிரிந்தோர் வெறுங்கையுடன் போகவில்லை; இருந்தோரும் எதனையும் இழக்கவில்லை. பங்கிட்டாலும் குறையாத முதுசொம் அது.

இவ்வாறு பேணப்பட்ட தொகுப்பின்மேற் பிறரும் கட்டடம் எழுப்பினர். 2004இல் தோன்றிய உபுண்டுவும், இந்தியாவில் சி-டாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் இயங்குதளமும் டெபியனை அடியாகக் கொண்டவை. 2015 டிசெம்பர் 28ஆம் நாள் இயன் மேர்டொக் காலமானார். 2017இல் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பு அவர் நினைவுக்குரியதாயிற்று. 2025 ஓகஸ்டில் பதின்மூன்றாம் பதிப்பு வெளிவந்தபோது பொதிகள் ஏறத்தாழ 70,000. 474இல் தொடங்கிய கணக்கு அது.

2024 மார்ச் 29ஆம் நாள் வெளிப்பட்ட செய்தியொன்று இவ்வரலாற்றுக்கு ஓர் எச்சரிக்கையாகும். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-செட் என்னும் சிறு மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் தனித்தே ஒருவர் பேணிவந்தார். உதவி செய்வார்போல் வந்த ஒருவர் ஈராண்டுக்கு மேலாக நம்பிக்கையை ஈட்டி, பின்னர் அதனுட் கள்ளவழி ஒன்றை ஒளித்துவைத்தார். டெபியனின் நிலையற்ற கிளையிற் சோதனை செய்துகொண்டிருந்த அண்ட்ரெஸ் புரொய்ண்ட் என்னும் பொறியியலாளர், தொலைவிலிருந்து கணினிக்குட் புகுவதற்கு ஏறத்தாழ அரை வினாடி கூடுதலாகச் செல்கிறதே என்று ஐயுற்று ஆராய்ந்ததால் சூழ்ச்சி வெளிப்பட்டது. நிலையற்ற கிளை, சோதனைக் கிளை, நிலையான பதிப்பு என மூன்று படி வைத்த ஒழுங்கினால், மக்கள் பெரிதும் பயன்படுத்தும் நிலையான பதிப்புக்குள் அந்நஞ்சு புகவில்லை.

கள்ளன் தேர்ந்தெடுத்த இடம் கருதத்தக்கது. பலர் கூடி உழைத்த இடத்தை அவன் நாடவில்லை; தனியே நின்று களைத்த ஒரு தொண்டனின் வாயிலையே நாடினான். பெயர் சொல்லிப் பொறுப்பேற்றலும், பிழையை மறையாது உரைத்தலும், பிணக்கு வருமுன்பே விதி எழுதிவைத்தலும் டெபியனை இதுகாறும் காத்துவந்தன. அச்சுக்கு எண்ணெய் இடுபவன் தனித்திருக்கின்றானா என்று இடையிடையே சென்று பார்த்தலும் அவற்றோடு சேர வேண்டும். வடம் பிடிக்கும் நாளில் மட்டும் கூடும் ஊர், தன் தேரை நெடுங்காலம் ஓட்ட மாட்டாது.