‘சாப்பிட்டுவிட்டு’: சென்னை மாணவருக்குச் சீன இலக்கணம் கற்பித்தல்

தியாகராய நகரில், பனகல் பூங்காவுக்குப் பக்கத்துத் தெருவொன்றின் மாடியறையில் மாலை வகுப்பு. ‘நான் அடையாற்றில் வேலை செய்கிறேன்’ என்பதைச் சீனத்தில் எழுதச் சொன்னேன். தொழிற்சாலை ஒன்றின் கொள்முதல் பிரிவில் பணியாற்றும் மாணவர் ‘வோ கோங்ஸுவோ ஸாய் அடையார்’ என்று எழுதினார். ஆங்கிலத்தின் வரிசை அது. சரியான தொடர் ‘வோ ஸாய் அடையார் கோங்ஸுவோ’: முதலில் ஆள், அடுத்து இடம், கடைசியில் வினை. வீட்டில் அவர் நாள்தோறும் பேசும் தமிழின் வரிசையும் இதுவே. தமிழில் நினைத்திருந்தால் இந்தப் பிழை நேர்ந்திருக்காது.

இப்படிப்பட்ட பிழைகளைத் திருத்தித் திருத்தி நான் வந்து சேர்ந்த முடிவு ஒன்று உண்டு. சென்னை மாணவருக்குச் சீனத் தொடரமைப்பைக் கற்பிக்கையில் தமிழ் இலக்கணமே முதற்கருவியாக இருக்க வேண்டும். ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போவதால் இல்லாத சிக்கல்கள் முளைக்கின்றன. இருக்கும் சிக்கல்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன.

2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் இந்திய, சீனத் தலைவர்கள் சந்தித்தபோது இந்நகரில் சீனம் பற்றிய பேச்சு பெருகியது. மறு ஆண்டு வெளியான தேசியக் கல்விக் கொள்கையின் அயல்மொழிப் பெயர்களிலோ, வரைவில் இருந்த சீனம் காணாமற்போயிற்று. ஆகவே இங்கே சீனம் பயில்வோர் பெரும்பாலும் வளர்ந்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் கைக்கு வரும் நூல்கள் எச்.எஸ்.கே. என்ற சீன மொழித்திறன் தேர்வை ஒட்டியவை. 2021-இல் நடைமுறைக்கு வந்த சீன மொழித்திறன் அளவுகோல் ஒன்பது நிலைகளில் 572 இலக்கணக் கூறுகளைப் பட்டியலிடுகிறது. அக்கூறுகளை நம்மவர்கள் ஆங்கில விளக்கத்தின் மூலமே சந்திக்கிறார்கள்.

ஐரோப்பிய அச்சில் சீனத்தை வார்ப்பது பழைய வழக்கம். சீனர் ஒருவர் தம் மொழிக்கு எழுதிய முதல் முறையான இலக்கண நூல் என்று போற்றப்படும் மா சியன்சோங்கின் 1898-ஆம் ஆண்டு நூலே இலத்தீன் இலக்கண முறையைத் தழுவியது. அதற்கு வெகுகாலம் முன்பே சீன அறிஞர்கள் சொற்களை ‘நிறைசொல்’, ‘வெறுஞ்சொல்’ என்று பிரித்திருந்தனர். பொருளைத் தாங்கி நிற்பது நிறைசொல். தனக்கெனப் பொருளின்றித் தொடரை இயக்குவது வெறுஞ்சொல். இதைக் கேட்டவுடன் தமிழ் படித்தவருக்கு இடைச்சொல் நினைவுக்கு வரும். பெயரையும் வினையையும் சார்ந்தே இயங்குவது, தனித்து நடவாதது என்று தொல்காப்பியர் வகுத்த அதே இனம். சீனத்தின் ‘ல’, ‘த’, ‘மா’ மூன்றையும் இடைச்சொல் என்று ஒரே சொல்லால் அறிமுகப்படுத்திவிடலாம். ஈற்றில் ‘மா’ சேர்த்தால் வினா. நம் ‘வந்தாரா’ என்பதன் ஆகாரம் செய்யும் வேலைதான்.

‘ல’ என்பதில் சற்று நிற்க வேண்டும். மாணவரை அதிகம் அலைக்கழிப்பது அதுவே. ஆங்கிலம் வழியாக வருபவர் அதை இறந்தகாலக் குறி என்று பிடித்துக்கொள்கிறார். பிறகு ‘நேற்று எனக்கு நிறைய வேலை’ என்பதற்கும் ஒரு ‘ல’ சேர்க்கிறார். சீனர் அங்கே சேர்ப்பதில்லை. ‘வோ ஸுவோதியன் ஹன் மாங்’ என்பதோடு சரி. இதைவிடக் குழப்பம் தருவது இன்னொரு தொடர்: ‘மிங்தியன் வோ ச்சி ல ஃபான் ஜியோ ச்சூ’. முதற்சொல்லே ‘நாளை’. நாளைக்கு நடக்கப்போவதில் இறந்தகாலம் எங்கிருந்து வந்தது? பாடநூல்கள் இதற்குப் பத்தி பத்தியாக விளக்கம் எழுதுகின்றன. தமிழில் ஒரு வரி போதும்: ‘நாளைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போவேன்.’ அந்த ‘விட்டு’தான் ‘ல’. காலம் எதுவானாலும், ஒரு செயல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதையே இரண்டும் சொல்கின்றன. வானம் இருட்டித் தூறல் விழத் தொடங்கியதும் சீனர் ‘ஷியா யூ ல’ என்கிறார். நாம் ‘மழை வந்துவிட்டது’ என்கிறோம். மழை இன்னும் பெய்துகொண்டுதான் இருக்கிறது. நிலைமை மாறிவிட்டது என்பதே செய்தி.

இந்த ஒப்புமைக்கு எல்லை உண்டு. ‘நேற்று இரண்டு புத்தகம் வாங்கினேன்’ என்பதில் நமக்கு ‘விடு’ தேவையில்லை. சீனத்தில் ‘ல’ வேண்டும். ‘வோ பூ ச்சூ ல’ என்றால், போவதாக இருந்தவர் மனம் மாறி ‘நான் போகவில்லை’ என்கிறார் என்று பொருள். அங்கே ‘விட்டு’க்கு இடமே இல்லை. ஆனால் இவ்வெல்லைகளை வரைந்து காட்ட முடிகிறது. இறந்தகாலம் என்று தொடங்கியவருக்கு அப்படி வரையக் கோடே கிடைப்பதில்லை.

பெயரெச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘நான் வாங்கிய புத்தகம்’, ‘வோ மாய் த ஷூ’: சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. எச்சம் முன்னே, பெயர் பின்னே.

சொல்லுருபு என்ற நம் கருத்து இன்னும் ஆழமாக உதவும். வினையாக இருந்து வேற்றுமைப் பொருள் தரும் உருபாக மாறியவை ‘கொண்டு’, ‘பற்றி’, ‘விட’ போன்றவை. சீனத்தில் ஆங்கில வழியாளர் முன்னிடைச்சொல் என்று சொல்பவை பலவும் இப்படி வினையிலிருந்து பிறந்தவையே. ஒப்பிடுதல் என்ற வினையிலிருந்து வந்தது ‘பி’. ‘வோ பி தா காவ்’ என்றால் ‘நான் அவனைவிட உயரம்’. இத்தொடரில் ‘இருக்கிறேன்’ என்ற வினை தமிழிலும் இல்லை, சீனத்திலும் இல்லை. ஆங்கிலத்தில் நினைப்பவர் அதற்கு ஈடாக ‘ஷி’ என்று ஒன்றை இடையில் செருகி, ஒப்பீட்டையும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார். வேறுபாடு ஒன்றே: நம் உருபு பெயருக்குப் பின், அவர்களுடையது பெயருக்கு முன்.

பிடித்தல் என்ற வினையிலிருந்து வந்த ‘பா’ செயப்படுபொருளை வினைக்கு முன் கொண்டுவருகிறது. நாம் ‘காபி குடிப்பேன்’ என்கிறோம். குறிப்பிட்ட ஒரு காபி என்றால் ‘காபியைக் குடித்துவிட்டேன்’. சீனத்திலும் முதலாவது ‘வோ ஹ காஃபெய்’, இரண்டாவது ‘வோ பா காஃபெய் ஹ ல’. இரண்டாம் வேற்றுமை விரிந்தும் தொக்கும் வருவதில் தெரியும் நுட்பம் இங்கே அப்படியே கைகொடுக்கிறது. ஆனால் ‘எனக்கு அவனைப் பிடிக்கும்’ என்பதில் ஐ இருக்கிறதே என்று ‘வோ பா தா ஷிஹுவான்’ என்று சொல்லிவிடக் கூடாது. பொருளுக்கு ஏதாவது நேர்ந்தால்தான் ‘பா’ வரும். விருப்பத்தால் அந்த மனிதருக்கு எதுவும் நேர்வதில்லை.

ஒரு தடை எழலாம். மயிலாப்பூர்ப் பள்ளிகளில் இரண்டாம் மொழியாகச் சமஸ்கிருதமோ பிரெஞ்சோ எடுத்துப் படித்தவர்கள் இந்த வகுப்புகளில் இருக்கிறார்கள். பெயரெச்சம் என்ற பெயரே அவர்களுக்குத் தெரியாது. உண்மைதான். ஆனால் பெயர் தெரியாதவரும் ‘நான் வாங்கிய புத்தகம்’ என்றுதான் பேசுகிறார். கலைச்சொல்லை விட்டு எடுத்துக்காட்டை வைத்தால் போதும். இரண்டாவது தடை இன்னும் வலுவானது: அடிப்படைத் தொடரில் சீனம் ஆங்கிலத்தைப் போல வினைக்குப் பின்தான் செயப்படுபொருளை வைக்கிறது. ‘இவர் ஆசிரியர்’ என்று நாம் நிறுத்தும் இடத்திலும் சீனம் ‘ஷி’யைக் கேட்கிறது. இவ்விரண்டையும் ஆங்கிலத்தைக் கொண்டே விளக்கலாம். எந்த மொழி எந்த இடத்தில் கிட்ட வருகிறதோ அதை அங்கே பயன்படுத்துவதில் எனக்குத் தயக்கமில்லை. எல்லா இடத்திலும் ஒன்றையே பயன்படுத்துவதைத்தான் மறுக்கிறேன்.

எண்ணுப்பெயருக்கும் பொருளுக்கும் நடுவே வரும் அளவுச்சொற்களில் தமிழ் பாதித் தூரம் கூட வருகிறது. கபாலீசுவரர் கோயில் மாட வீதியில் ‘இரண்டு முழம் மல்லி, ஒரு கவுளி வெற்றிலை, ஒரு சீப்பு பழம், ஒரு கட்டு கீரை’ என்று கேட்டு வாங்குபவருக்கு அளவுச்சொல் புதிதல்ல. மனிதரை எண்ணும்போது ‘நான்கு பேர்’ என்கிறோம். ஆனால் புத்தகத்துக்கும் மேசைக்கும் நம்மிடம் எதுவும் இல்லை; சீனத்தில் அவற்றுக்கும் கட்டாயம். அதனால் மாட வீதிப் பட்டியலில் தொடங்கி, ‘பேர்’ வழியாக, மெல்ல அந்தப் பக்கம் போகிறேன். நீண்டு கிடக்கும் பொருளுக்கு ‘தியாவ்’ என்று சொல்லி ஆறு, சாலை, மீன், கால்சட்டை என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அடையாற்று மாணவர் கேட்டார்: “அப்போ பாம்புக்கும் தியாவ்தானே சார்?” பட்டியலில் ஐந்தாவதாகப் பாம்பை எழுதினேன்.