பல்கலைக்கழகக் கலைச் சேகரிப்புகளும் மாணவர் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

பல்கலைக்கழகக் கல்வி என்றதும் விரிவுரை மண்டபத்தையும் நூலகத்தையுமே நாம் எண்ணுகின்றோம். நூதனசாலையோ வளாகத்துக்கு ஓர் அணியாக மட்டும் கருதப்படுவதுண்டு. இக்கருத்துக்கு வரலாறு இடந்தரவில்லை. 1683இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் அஷ்மோலியன் நூதனசாலை திறக்கப்பட்டபோது, அரும்பொருட் கூடத்துடன் விரிவுரைக் கூடமும் இரசாயன ஆய்வுகூடமும் ஒரே கட்டடத்தில் இடம்பெற்றன. பொருளைக் காண்பதும் அதனைக் கொண்டு கற்பதும் பிரிக்கவொண்ணாதவை என்பதே அவ்வமைப்பின் உட்கருத்து எனலாம்.

இவ்வுண்மைக்கு யாழ்ப்பாணம் சிறந்ததொரு சான்றாகும். அங்கு 1974இல் பல்கலைக்கழக வளாகம் நிறுவப்பட்டது. கா. இந்திரபாலா, பொ. இரகுபதி முதலியோர் பங்குகொண்டு 1980இல் ஆனைக்கோட்டையில் நிகழ்த்திய அகழ்வில், பெருங்கற்காலப் பண்பாட்டைச் சார்ந்த ஈமப்புதைப்பொன்றில் வெண்கல முத்திரை ஒன்று கிடைத்தது. அதன் மேல்வரியில் குறியீடுகளும் கீழ்வரியில் பிராமி எழுத்துக்களும் உள்ளன. எழுத்துக்கள் ‘கோவேத’ எனப் படிக்கப்பட்டுள்ளன. வேறு வாசிப்புகளும் கூறப்படுகின்றன.

இதனால் மாணவர் பெறும் பயிற்சி யாது? முதலாவது, பொருளின் இடத்தை மதித்தல். எலும்புக்கூட்டுடனும் மட்கலங்களுடனும் ஒருங்கே கிடைத்தமையாலேயே அம்முத்திரை ஒரு சமுதாயத்தின் சான்றாகின்றது. தனித்துக் கிடைத்திருப்பின் அதன் காலத்தையோ சூழலையோ துணிதல் அரிது. இரண்டாவது, ஆசிரியர் கூற்றையும் ஐயுற்று ஆராய்தல். வாசிப்புகள் வேறுபடும்போது, மூலத்தை நோக்கியே முடிவு காணவேண்டும் என்பதை மாணவர் உணர்வர்.

கண்ணாடிப் பேழையுள் அடங்காத சேகரிப்புகளும் உள. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபைப் பல்கலைக்கழக அரங்குக்குக் கொணர்ந்தார். 1962இல் அங்கு ‘கர்ணன் போர்’ மேடையேறியது. கிராமத்து அண்ணாவிமாரின் நினைவிலும் உடலிலும் வாழ்ந்த தாளமும் ஆட்டமும் மாணவர்தம் பயிற்சிப் பொருளாயின. நாட்டார் கலை பல்கலைக்கழக ஆய்வுக்குரியது என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

எனினும், சேகரிப்புகள் அழியக் கூடியவை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. படியெடுக்கப்படாத சுவடி எரிந்தால் அதன் பொருளை மீட்க வழியில்லை. ஆதலால், கண்டெடுத்த இடம், அடுக்கு, உடனிருந்த பொருள்கள் ஆகியவற்றைப் பதிவுசெய்தலும், நிழற்படமும் படியும் எடுத்து வேறிடத்திற் பேணுதலும் இன்றியமையாதன. இப்பணியை அலுவலரிடம் மட்டும் விடாது மாணவர் பாடநெறியின் ஒரு கூறாக்குதல் வேண்டும். பதிவேட்டைத் தன் கையால் எழுதிய மாணவனே சான்றின் அருமையை நன்கறிவான். அத்தகைய மாணவர் பரம்பரை ஒன்று உருவாகுமாயின், பொருளும் பிழைக்கும். அதன் வரலாறும் பிழைக்கும் என்பது நம் துணிபு.