ஊதுவாயும் ஊதுபவர் வாயும்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் இசை வரலாற்றைப் பேசப் புகுவோர் தப்பிலிருந்து தொடங்குதலே முறை. விடியலில் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்தது தப்பு. மாசியில் காமன் கூத்துக்கு முழங்குவதும் அதுவே. அட்டனிலும் நுவரெலியாவிலும் பனி இறங்கினால் அதன் தோல் தளரும். சருகு கொளுத்தி அதனைக் காய்ச்சி முறுக்கேற்றுவர். துளைக்கருவிக்கோ அவ்வாறு தீ மூட்டல் இயலாது. அதனை ஊதுபவர் தம் மூச்சினாலேயே சூடேற்றல் வேண்டும்.

துளைக்கருவிகளுள் கிளாரினெட் நமக்குப் புதியது. 1700 ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் டென்னர் என்பார் அதனை உருவாக்கினார். 19 ஆம் நூற்றாண்டில் தஞ்சைச் சதிர்க் கச்சேரியில் அது புகுந்தது. புகுத்தியவர் மகாதேவ நட்டுவனார் என்பர். பின்னாளில் பாலசரசுவதியின் ஆடலுக்கும் அது துணைநின்றது. அதனைத் தனிக்கச்சேரிக் கருவியாக உயர்த்திய ஏ.கே.சி. நடராஜன் 1931 இல் பிறந்தவர். 2022 இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவர் நாகசுரமும் பயின்றவர் என்பதை நான் பெரிதும் கருதுகிறேன்.

ஏனெனில், நாகசுரக்காரர் ஒரே சீவாளியை நம்பி மேடையேறுவதில்லை. கொத்தாகத் தொங்கும் சீவாளிகளுள் தம் உதட்டுக்கும் அன்றைய காற்றின் ஈரத்துக்கும் இசைந்ததைத் தேர்வர். இந்த அறிவு கிளாரினெட்டின் ஊதுவாய்க்கும் வேண்டும். ஆயினும், தந்தையின் கருவி மகனுக்கு வரும்போது ஊதுவாயும் உடன் வந்துவிடுகிறது. இளைஞன் ஊதினால் கீச்சொலி எழும். மூச்சுப் போதாது என்று பெரியோர் கூறிவிடுவர். மூச்சின் குற்றமன்று அது. தடித்த உதட்டுக்கும் நீண்ட மேற்பல்லுக்கும் அமைந்த ஊதுவாய், மெல்லிய உதட்டுக்கு எங்ஙனம் பொருந்தும்?

ஊதுவாயின் நுனிக்கும் நாணல் தகட்டுக்கும் இடையேயுள்ள வெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. அவ்வெளி மிகின் மெல்லிய தகடு வேண்டும்; சுரத்தை வளைத்துக் கமகம் பிடித்தல் எளிதாகும்; ஆனால் உதடு விரைவில் சோரும், சுருதி அலையும். வெளி குறையின் வன்மையான தகடு ஏற்கும்; ஒலி நிலைத்து நிற்கும், வளைவு குறையும். ஆதலின், ஒரே தகட்டைப் பூட்டி எல்லா ஊதுவாய்களையும் சோதித்தல் தவறு. (கடைக்காரர் அவ்வாறே செய்யச் சொல்வார்!) மேனாட்டிலும் தொடக்கத்தில் தகட்டை மேலுதட்டுப் பக்கம் வைத்தே பலர் ஊதினர்; 19 ஆம் நூற்றாண்டில்தான் கீழுதட்டுப் பக்கம் திருப்பும் வழக்கம் பரவியது.

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்காற்றில் ஒலி மெதுவாகச் செல்லுமாதலால், கருவி சுருதி தாழ்ந்தே தொடங்கும். ஆகவே, தேர்ந்த ஊதுவாயில் சட்சத்தைக் காலைக் குளிரில் ஒருமுறையும் கால்மணி நேரம் வாசித்தபின் ஒருமுறையும் நீட்டி ஊதிப் பார்த்தல் நன்று. இரண்டாம் முறை சுருதி ஏறியிருக்கும். அப்போது ஊதுவாயை அடுத்த மூட்டினைச் சற்றே வெளியிழுத்துச் சரிசெய்துகொள்ளலாம்.